கணக்கும் வேண்டும், யூஎக்ஸும் வேண்டும் என்கிற மகளுக்கு

கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் யூஎக்ஸ் (பயன்படுத்துபவருக்கு எளிதாக இருக்கும்படி மென்பொருளை வடிவமைக்கும் வேலை) பக்கம் போனால், இத்தனை நாள் படித்த கணக்கு வீணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது. ஒரு மென்பொருளைப் பயன்படுத்துபவர் எங்கே தடுமாறுவார் என்பதைக் ஃபார்மல் மெத்தட்ஸ் எனப்படும் கணித முறையில் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் துறை இருக்கிறது. அவளுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

ஏடிஎம்மில் பணம் முதலிலும் கார்டு பிறகும் வந்தால், வந்த வேலை முடிந்தது என்று கார்டை மறந்துவிட்டுப் போவார்கள். கார்டு உள்ளே, பின் எண், தொகை, பணம் வெளியே என ஒவ்வொரு நிலையையும் எழுதி, ‘கார்டை எடுக்கும் முன் பணம் வரும் வழி உண்டா?’ என்று மாடல் செக்கர் என்ற, எல்லா வழிகளையும் தானே சோதிக்கும் மென்பொருளிடம் கேட்டால், உண்டு என்றால் எந்தெந்தப் பொத்தான் வழியாக என்று வரிசையாகக் காட்டிவிடும். மருந்து ஏற்றும் பம்பில் இது உயிர்ப் பிரச்சினை. நூறுக்கு மேல் தசமப் புள்ளியை ஏற்காத பம்பில் நர்ஸ் 100.5 என்று அழுத்தினால், புள்ளி சத்தமில்லாமல் விழுந்து 1005 ஆகிவிடும். பத்து மடங்கு மருந்து!

மகள் முதலில் இப்படி ஓர் எண் விசைப்பலகையைத் தாளில் பத்துப் பதினைந்து நிலைகளாக வரையட்டும். பிறகு இலவசமாகக் கிடைக்கும் நியூஎஸ்எம்வி என்ற மாடல் செக்கரில் எழுதட்டும். மாடல் செக்கிங் பாடம் ஐஐடிகளின் இணையவழிப் பாடத் தளமான என்பிடெலிலேயே இருக்கிறது. 0 முதல் 9999 வரை எல்லா எண்ணையும் தனித்தனி நிலையாக்குவதுதான் பலர் செய்யும் தவறு; நிலைகள் தேவையில்லாமல் பெருகும். ‘காலி, புள்ளிக்கு முன், புள்ளிக்குப் பின், வரம்பு மீறல்’ என்று வகைப்படுத்தினால் போதும். அதைவிடப் பெரிய தவறு, கருவியைப் பார்க்காமல் கையேட்டைப் பார்த்து மாடல் எழுதுவது.

பயன்படுத்துபவரின் வேகத்தைக் கணிக்க 1980-களிலிருந்தே கேஎல்எம் (கீஸ்ட்ரோக்-லெவல் மாடல்) முறை உண்டு: யோசிக்க 1.35 வினாடி, ஒரு விசைக்கோ கிளிக்குக்கோ 0.2, மவுஸுக்குக் கை மாற 0.4, குறிவைக்க 1.1. யோசித்து, நான்கு இலக்கம் தட்டி, மவுஸுக்கு மாறி ஒரு கிளிக் செய்ய ஏறத்தாழ 3.85 வினாடி. ஆனால் எழுத்து சிறியது, சொல் புரியவில்லை என்பதெல்லாம் எந்த மாடலுக்கும் தெரியாது. அதற்கு ஆட்களை உட்காரவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கேம்பஸ் தேர்வில் இந்தப் பெயரில் வேலை வராது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கருவி, விமான மென்பொருள் நிறுவனங்களில் பாதுகாப்பு, பயன்பாட்டுப் பொறியாளர் பணிகளில் தேடுங்கள். பெங்களூரு சிப் நிறுவனங்களின் ஃபார்மல் வெரிஃபிகேஷன் (வடிவமைப்பு சரிதானா என்று கணித முறையில் சரிபார்க்கும்) வேலைக்கும் இதே அடித்தளம் கைகொடுக்கும். மேலே படிக்க விரும்பினால் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தின் எம்எஸ்சி நுழைவுத் தேர்வைப் பாருங்கள். அதுவரை, நிலைகளையும் அவற்றுக்கிடையிலான மாற்றங்களையும் கற்றுத்தரும் ஆட்டோமேட்டா பாடத்தில் கவனம் குறைய விடாதீர்கள். பணம் கட்டிச் சேரும் டிசைன் சான்றிதழ் வகுப்பு இந்த செமஸ்டருக்கு வேண்டாம்.