எடை குறைந்த ஹேமக் படுக்கையை மலைக்காட்டுப் பயணத்துக்கு எப்படி அமைத்துக்கொள்வது?

வரும் ஏப்ரலில் அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் மூன்று இரவுகள் தங்கப் போவதாகவும், உங்களிடமுள்ள டென்ட், மெத்தை, ஸ்லீப்பிங் பேக் மூன்றும் சேர்ந்து நாலரைக் கிலோ இருப்பதால் இரு மரங்களுக்கிடையே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கையான ஹேமக்குக்கு மாற நினைப்பதாகவும் எழுதிவிட்டு, எந்த ஹேமக்கை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வட கரோலினாவில் வசிக்கும் நான் எட்டு ஆண்டுகளாக அந்த மலைகளிலும் சுற்றியுள்ள காடுகளிலும் ஹேமக்கில்தான் உறங்கி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: எந்த ஹேமக் என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, இரவு இரண்டு மணிக்கு உங்கள் முதுகுக்குக் கீழே எது இருக்கப் போகிறது என்பதைத்தான்.

இதை நான் அறிந்துகொண்டது பிஸ்கா தேசியக் காட்டில், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், ஒரு ஏப்ரல் மாத இறுதியில். பகலில் சட்டை நனைய நடந்திருந்தேன். கையில் ஒரு ஹேமக்கும், உறைநிலைக்குக் கீழ் 7 டிகிரி வரை தாங்கும் என்று குறிக்கப்பட்ட இறகு ஸ்லீப்பிங் பேக்கும் இருந்ததால் வேறெதுவும் தேவைப்படாது என்று நம்பினேன். நள்ளிரவு தாண்டி விழித்தபோது நெஞ்சும் முகமும் வெதுவெதுப்பாக இருக்க, தோளிலிருந்து இடுப்பு வரை பிழியாத ஈரத்துணியின் மேல் கிடப்பது போலிருந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தேன். மேலே நான்கு விரற்கடை உப்பியிருந்த அதே பை, என் உடலுக்கு அடியில் இரண்டு துணிகள் ஒட்டியது போலத் தட்டையாகிக் கிடந்தது. வெப்பமானி 4 டிகிரி காட்டியது. மழைச் சட்டையையும் காலி முதுகுப்பையையும் முதுகுக்கடியில் செருகிக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தேன்.

இறகு தானாகச் சூட்டைத் தருவதில்லை. அது தன்னுள் பிடித்துவைக்கும் அசையாத காற்றுதான் உடலின் வெப்பத்தை வெளியேறாமல் காக்கிறது. உடல் எடையில் அது நசுங்கியவுடன் அந்தக் காற்று போய்விடுகிறது. தரையில் படுப்பவருக்கு அடியில் மெத்தை இருக்கிறது. ஹேமக்கில் படுப்பவருக்கோ ஒரு மெல்லிய நைலான் துணிக்குக் கீழே இரவு முழுவதும் குளிர்காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகையால் காப்பு நசுங்காத இடத்தில், அதாவது ஹேமக்கின் வெளிப்புறத்தில், அடியில் தொங்க வேண்டும். அண்டர்குவில்ட் என்று விற்கப்படும் அடிப்போர்வை செய்யும் வேலை இதுதான்: எலாஸ்டிக் கயிறுகளால் ஹேமக்கின் இரு முனைகளிலிருந்தும் தொங்கி, துணியின் அடிப்பக்கத்தை ஒட்டி அணைத்துக்கொண்டிருக்கும்.

அதைச் சரியாக ஒட்டவைப்பதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். தொங்கல் அதிகமானால் இடைவெளியில் குளிர்காற்று புகுந்து, போர்வை இருந்தும் இல்லாதது போலாகிவிடும். மிகவும் இறுக்கினால் இறகு நசுங்கிப் பழைய கதைதான். படுத்த பிறகு ஒரு கையை வெளியே விட்டு, அடிப்போர்வைக்கும் ஹேமக் துணிக்கும் நடுவே மெல்லச் செலுத்திப் பாருங்கள். புறங்கையில் போர்வையும் உள்ளங்கையில் உங்கள் உடல்சூடும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும், ஆனால் கை சிரமமின்றி நகர வேண்டும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருக்கும் சுருக்குக் கயிறுகளை அதற்குப் பிறகே இறுக்கி வாயை மூடுங்கள். காற்று நுழைவது பெரும்பாலும் அந்த இரண்டு வாய்களில்தான்.

அடிப்போர்வை விலை கூடியது என்பதால், பலர் நுரைப்பாய் ஒன்றை ஹேமக்குக்குள் விரித்துத் தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை, மழையில் நனைந்தாலும் அதன் காப்பு கெடாது, விலையும் குறைவு. ஆனால் துணி இருபக்கமும் மேலெழுந்து தோள்களை அணைப்பதால் 50 செ.மீ. அகலப் பாய் தோள்களுக்குப் போதாது, தோள்தான் முதலில் குளிரும். புரளும்போது பாய் நழுவவும் செய்யும். காரின் முன்கண்ணாடிக்கு வெயில் மறைப்பாக வைக்கும் வெள்ளித் தகட்டுப் பாயை வெட்டித் தோள்பக்கத்தில் சேர்த்துக்கொள்வோரும் உண்டு. 10 டிகிரிக்கு மேலுள்ள இரவுகளுக்கு இது போதும். ஸ்மோக்கியின் ஏப்ரலை அப்படி நம்ப முடியாது. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 6 முதல் 11 டிகிரி வரை வேறுபடும் மலை அது. அதன் உச்சியான குவோஹி 2,025 மீட்டர் உயரம். மேலே போர்த்திக்கொள்ள முழு ஸ்லீப்பிங் பேக் தேவையில்லை, முதுகுப்பக்கமும் ஜிப்பும் இல்லாத டாப்குவில்ட் எனும் திறந்த போர்வையே போதும். நசுங்கப் போகும் இறகை ஏன் சுமக்க வேண்டும்?

இனி ஹேமக். நம் வீடுகளில் குழந்தைக்குச் சேலையில் தூளி கட்டியவர்களுக்கு இதன் சூட்சுமம் பாதி தெரிந்திருக்கும்: துணி தளர்ந்து தொங்கினால்தான் உடல் அதில் அமையும். கடற்கரை விளம்பரப் படங்களில் வருவது போல இறுக்கிக் கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கட்டும் நாடா கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் மரத்தை நோக்கி ஏற வேண்டும். அந்தச் சாய்வில், 75 கிலோ எடையுள்ள ஒருவர் படுத்தால், ஒவ்வொரு பக்கத்திலும் 75 கிலோ இழுவிசைதான் விழும். சாய்வு 10 டிகிரியாகக் குறைந்தால் அதே எடைக்கு ஒவ்வொரு பக்கமும் 215 கிலோவுக்கு மேல். 5 டிகிரியில் 430 கிலோ. நாடாவும் முடிச்சும் மரமும் அவ்வளவையும் தாங்கியாக வேண்டும். கோணத்தை அளக்க விரல்களே போதும்: சுட்டுவிரலைக் கிடையாக நீட்டிக் கட்டைவிரலைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள்; இரண்டு விரல்நுனிகளையும் சேர்க்கும் கோடு ஏறக்குறைய 30 டிகிரி. அந்தக் கோட்டோடு நாடா ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு இரவும் மரங்களின் இடைவெளி மாறும் என்பதால், தொய்வை ஒரே அளவில் வைத்துக்கொள்ள ஹேமக்கின் இரு முனைகளையும் இணைக்கும் முகட்டுக் கயிறு ஒன்று கட்டாயம் வேண்டும். அதன் நீளம் ஹேமக்கின் நீளத்தில் 83 விழுக்காடு என்பது பலரும் தொடங்கும் அளவு, 335 செ.மீ. ஹேமக்குக்கு 278 செ.மீ. வரும். பிறகு உங்கள் உடலுக்கு ஏற்பச் சில செ.மீ. கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இரவில் கண்ணாடியையும் தலைவிளக்கையும் தொங்கவிடவும் இந்தக் கயிறு உதவுகிறது.

வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள், அகலத்தால் ஏமாறாதீர்கள். இருவருக்கானது என்று விற்கப்படும் ஹேமக்குகள் பல அகலமாக இருந்தாலும் நீளம் 290 செ.மீ.க்கு அருகில்தான் இருக்கும். அதில் சராசரி உயரமுள்ளவர் வாழைப்பழம் போல வளைந்துதான் படுக்க முடியும், முழங்கால் பின்னோக்கி வளைந்து விடியலில் வலிக்கும். 335 செ.மீ. நீளத்தில் தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் தள்ளி மூலைவாட்டில் படுத்தால் முதுகு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. மூலைவாட்டில் படுப்பதை அறியாமலேயே “ஹேமக் எனக்கு ஒத்துவராது” என்று கைவிட்டவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

மரத்தைச் சுற்றும் நாடா குறைந்தது 2.5 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். மெல்லிய கயிறு பட்டையை அறுத்து, அதன் அடியில் ஓடும் உயிர்த்திசுவைக் காயப்படுத்துகிறது. நைலான் நாடா எடையில் நீள்வதால் நள்ளிரவில் தரையைத் தொட நேரிடும், பாலியஸ்டர் நாடாவே நல்லது. காராபினர் எனும் இரும்புக் கொக்கி வளையங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் 700 கிலோ வரை தாங்கும் ஆம்ஸ்டீல் எனும் செயற்கை இழைக் கயிற்றின் வளையத்தில் நாடாவை நேரடியாக முடிச்சிட்டுக்கொள்கிறேன்.

ஹேமக்குக்கு மேலே மழைக்கூரையாகக் கட்டும் தார்ப்பாய் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஸ்மோக்கியின் உயரமான சிகரங்களில் ஆண்டுக்கு 200 செ.மீ.க்கும் மேல் மழை பெய்கிறது. முகட்டுநீளம் 335 செ.மீ. உள்ள அறுகோணத் தார்ப்பாய், 278 செ.மீ. தொங்கும் ஹேமக்குக்கு இருமுனையிலும் ஒரு சாணுக்கு மேல் மீதம் தரும்; சாரலடிக்கும்போது அந்த மீதம்தான் அடிப்போர்வையின் கால்மாட்டைக் காக்கிறது. சிலிக்கான் பூசிய நைலான் மழையில் நீரை உறிஞ்சித் தொய்ந்துவிடும், நடுஇரவில் எழுந்து இழுத்துக்கட்ட வேண்டியிருக்கும். சிலிக்கான் பூசிய பாலியஸ்டர் அப்படித் தொய்வதில்லை. டைனீமா காம்பசிட் துணி இரண்டையும் விட இலேசானது என்றாலும் விலை மிக அதிகம், அந்தப் பணத்தை அடிப்போர்வையில் போடுவதே மேல். இன்னொன்று: மழைநீர் மரத்தில் வழிந்து, நாடாவைப் பிடித்துக்கொண்டு நேராக உங்கள் தலைமாட்டுக்கு வரும். தார்ப்பாயின் நிழலுக்குள் நுழைந்தவுடன், ஹேமக்குக்கு முன்பாக, நாடாவின் மேல் ஒரு சாண் பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். நாடாவில் வழிந்துவந்த நீர் அந்த நூலில் இறங்கிச் சொட்டுவதை டார்ச் வெளிச்சத்தில் பார்க்கலாம்.

கொசுவலை ஏப்ரலில் பெரும்பாலும் தேவைப்படாது. ஜூனில் போனால் கட்டாயம் வேண்டும். மெல்லிய துணியின் வழியாக அடியிலிருந்தும் கொசு கடிக்கும், ஆனால் அடிப்போர்வை கட்டியிருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

என் சாமான்களைச் சமையலறைத் தராசில் நிறுத்து வைத்திருக்கிறேன். முகட்டுக் கயிற்றோடு ஹேமக் 260 கிராம், நாடாக்கள் 190, தார்ப்பாய் 410, அதன் கயிறுகளும் ஆறு முளைகளும் 140, கொசுவலை 120, அடிப்போர்வை 560, மேல்போர்வை 590. ஆக 2,270 கிராம். இதில் இரண்டு போர்வைகள் மட்டும் 1,150 கிராம், பாதிக்கும் மேல். ஹேமக்கிலேயே 50 கிராம் குறைக்க மாதக்கணக்கில் தேடுவதைவிட, போகும் பருவத்துக்கு ஏற்ற போர்வையைத் தேர்ந்தெடுப்பதால் குறையும் எடை அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இடம் தேர்வதில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. ஸ்மோக்கி மலைகள் அடங்கிய தேசியப் பூங்காவில் ஹேமக்கை அனுமதிக்கப்பட்ட முகாமிடங்களுக்குள் மட்டுமே கட்டலாம். ஷெல்டர் எனப்படும் தங்குகொட்டகைகளுக்குள்ளோ அவற்றின் தூண்களிலோ கட்டக் கூடாது. முகட்டின் மேல் செல்லும் அப்பலாச்சியன் பாதையில் பெரும்பாலும் அந்தக் கொட்டகைகள்தான் உள்ளன. எனவே டீப் கிரீக், ஹேசல் கிரீக் போன்ற ஓடைகளை ஒட்டிய தாழ்வான முகாமிடங்களை இணைத்து உங்கள் பாதையை வகுத்து, முன்பதிவு செய்து அனுமதிச்சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும் என்பதால், ஓடைக்கரையை விட்டுச் சில மீட்டர் மேலேறிக் கட்டுவது நல்லது. உணவை அங்குள்ள கம்பி வடத்தில் ஏற்றிவிடுங்கள், ஹேமக்கில் ஒரு மிட்டாய்கூட இருக்கக் கூடாது. அவை கரடிகள் வாழும் காடுகள்.

மற்றது மரம். கிழக்கத்திய ஹெம்லாக் மரங்களைத் தின்னும் அடெல்ஜிட் என்ற சிறுபூச்சி 2002-இல் இந்தப் பூங்காவில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு பட்டுப்போன ஹெம்லாக்குகள், குறிப்பாக ஓடைக்கரைகளில், நின்றபடியே உளுத்து வருகின்றன. ஆஷ் மரங்களை வேறொரு வண்டு அழித்துக்கொண்டிருக்கிறது. ஏப்ரலில் பல மரங்கள் இன்னும் இலைவிடாமல் இருப்பதால் உயிருள்ளதையும் பட்டதையும் தூரத்திலிருந்து பிரித்தறிவது கடினம். நாடாவைக் கட்டுவதற்கு முன் பட்டையை உள்ளங்கையால் அழுத்துங்கள்; உரிந்து கையோடு வந்தாலோ, தட்டும்போது கூடுபோல ஒலித்தாலோ அந்த மரம் வேண்டாம். ஒரு சாணாவது குறுக்களவு இருக்க வேண்டும். பிறகு தலையை நிமிர்த்தி, உங்கள் இரு மரங்களை மட்டுமல்லாமல், விழுந்தால் உங்களை எட்டக்கூடிய மரங்கள் அனைத்தையும், முறிந்து சிக்கி நிற்கும் கிளைகளையும் பாருங்கள். இந்த ஒரு நிமிடத்தை நான் எந்த அலுப்பிலும் விட்டதில்லை.

உங்களிடம் ஏற்கெனவே ஸ்லீப்பிங் பேக் இருப்பதால், ஜிப்பைத் திறந்து அதையே இந்த ஆண்டு மேல்போர்வையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கியுள்ள பணத்தில் பாதியை உறைநிலைக்குக் கீழ் 7 டிகிரிக்கான முழுநீள அடிப்போர்வைக்குத் தாருங்கள், மீதியில் பாலியஸ்டர் தார்ப்பாயை வாங்குங்கள். அதன்பின் மிஞ்சும் தொகைக்குக் கிடைக்கும் 335 செ.மீ. ஹேமக் எதுவானாலும் சரி. மார்ச்சில் 5 டிகிரிக்குக் கீழே போகும் ஓர் இரவைத் தேர்ந்து, வீட்டுக் கதவிலிருந்து பத்தடி தூரத்தில் கட்டிப் படுத்துப் பாருங்கள். இரண்டு மணிக்கு முதுகு குளிர்ந்தால், சுருக்குக் கயிறுகளைச் சரிசெய்ய இன்னும் ஒரு மாதம் இருக்கும்.