கேள்வி – பதில்: ஹெட்செட் கணக்குப் போடுமா?

கேள்வி: பம்ப் வடிவமைக்கும் குழுவில் பணிபுரிகிறேன். தகைவு (பொருளுக்குள் எழும் அழுத்தம், stress), வெப்பம், நீரோட்டம் ஆகியவற்றைக் கணினித் திரையிலேயே சிமுலேஷன் செய்து பார்க்கிறோம். தலையில் மாட்டி முப்பரிமாணக் காட்சி பார்க்கும் மெய்நிகர் (VR) ஹெட்செட் வாங்கினால் துல்லியம் கூடுமா?

பதில்: அணுவளவும் கூடப் போவதில்லை. பொருளைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்துச் சமன்பாடுகளைத் தீர்ப்பது உங்கள் பழைய மென்பொருள்தான். அது மணிக்கணக்கில் ஓடிக் கண்ட விடையைத்தான் ஹெட்செட் காட்டுகிறது. தலையைத் திருப்பும்போது காட்சியும் உடனே திரும்பாவிட்டால் குமட்டல் வரும் என்பதால், பல ஹெட்செட்டுகள் நொடிக்கு 90 படங்கள் காட்டுகின்றன. அதாவது, ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 11 மில்லிநொடி. அதற்குள் முழு நீரோட்டக் கணக்கைத் தீர்ப்பது நடக்கிற காரியமன்று. பல நிலைகளுக்கு முன்பே ஓட்டி வைத்த விடைகளிலிருந்து சுருக்கிய மாதிரி ஒன்றை உருவாக்கி உடனடி விடை பெறலாம் என்றாலும், அந்த நிலைகளின் வரம்பைத் தாண்டினால் அதை நம்ப முடியாது.

அப்படியானால் எதற்காக வாங்குவது? மனித உடல் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்காக. பம்பின் பின்புறம் ஒரு போல்ட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானர் நுழைய இடமிருக்கிறது என்று திரையில் அளந்து திருப்தி அடைந்திருப்பீர்கள். ஹெட்செட்டை அணிந்து, குனிந்து, கையை நீட்டிப் பார்த்தால், ஸ்பானர் உள்ளே போகிறது, ஆனால் திரும்ப வழியில்லை என்பது தெரியவரும். அறுகோணத் தலையில் ஸ்பானரை எடுத்து மறுபடி மாட்ட அது 60 பாகை திரும்ப வேண்டும்; வாய் 15 பாகை சாய்ந்த ஸ்பானரைப் புரட்டிப் புரட்டிப் போட்டால் 30 பாகை போதும். அந்த 30 பாகைக்குள் பக்கத்துக் குழாய் நின்றால், பழுதுபார்ப்பவர் குழாயையே கழற்ற வேண்டிவரும். இதை முன்மாதிரி செய்வதற்கு முன்பே கண்டுபிடிப்பதுதான், என் கணிப்பில், ஹெட்செட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கான நியாயம். வெறுங்கையால் பார்ப்பவருக்குக் குழாய் இடிப்பது உறைக்காது என்பதால், மோதும் இடம் நிறம் மாறும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹெட்செட்டில் பார்த்தபோது எங்கள் எஃகுத் தாங்கி ரப்பரைப் போல வளைந்தது. மேலாளர் பதறிவிட்டார். வடிவமைப்பில் பிழையா?

பதில்: முதலில் உருமாற்றத்தின் உருப்பெருக்கத்தைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வளைவைக் காட்டுவதற்காக மென்பொருள்கள் அதைப் பெருக்கி வரைவது வழக்கம், 0.2 மில்லிமீட்டர் வளைவை 100 மடங்காக்கினால் 20 மில்லிமீட்டராகத் தெரியும். தட்டைத் திரையில் அது படம் என்பது நினைவில் இருக்கும். அதே தாங்கி உண்மை அளவில் எதிரே நிற்கும்போதோ, கண் அப்படியே நம்பிவிடுகிறது. பொறியாளர் அல்லாதவர்களுக்குக் காட்டும்போது பெருக்கத்தை 1 என்றே வையுங்கள்.

கேள்வி: ஒருவர் அணிந்து பார்க்கும்போது குழுவில் மற்றவர்கள் என்ன செய்வது?

பதில்: 1992-இல் சிகாகோவிலுள்ள இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 'கேவ்' என்ற அறை, சுவர்களிலேயே முப்பரிமாணக் காட்சியை வீழ்த்திப் பலரை ஒன்றாக நிறுத்தியது. ஆனால், யாருடைய தலையசைவை அறை பின்தொடர்கிறதோ அவருக்கு மட்டுமே காட்சி பிசகாமல் தெரியும். ஆளுக்கொரு ஹெட்செட்டுடன் ஒரே மாதிரியைச் சுற்றி நிற்பது இன்று எளிது. யார் எதைச் சுட்டுகிறார் என்பதை மற்றவர்கள் காணும் வசதி மென்பொருளில் உண்டா என்று வாங்குமுன் கேளுங்கள்.