பருவத் தொடக்கத்துப் பனிச்சரிவு: கேள்வி பதில்

கேள்வி: சார், முழங்கால் அளவுகூடப் பனி இல்லை. புல்லும் பாறையும் வெளியே தெரிகின்றன. இப்போதே பனிச்சரிவுக்குப் பயப்பட வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். சறுக்கப் பனி போதும் என்றால் சரியவும் போதும். பனி குறைவாக இருப்பதுதான் சிக்கலே. தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். வானம் தெளிந்த நீண்ட இரவுகளில் பனியின் மேற்பரப்பு அதைவிடப் பல டிகிரி குளிர்ந்துபோகும். ஒன்றரை மீட்டர் பனி இருந்தால் இந்த வேறுபாடு பரந்துவிடும். 30 சென்டிமீட்டருக்குள் அடங்கினால், 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி என்ற அளவைச் சுலபமாகத் தாண்டும். அப்போது நீராவி கீழிருந்து மேலே நகர, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத, முனை கூர்ந்த மணிகளாக மாறுகின்றன. அள்ளிப் பாருங்கள், சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் உதிரும்; உருண்டை பிடிக்கவே வராது. அடுத்த புயல் இந்தப் பலவீனமான அடுக்கின்மேல் கெட்டியான பனிப் பாளத்தை ஏற்றிவிடும்; அடுக்கு உடைந்தால் பாளம் சரியும்.

இந்த முதல் பனி எங்கே தங்குகிறது? உயரத்தில், வெயில் படாத சரிவுகளில். வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் வடக்கு பார்த்தவற்றில். மற்ற இடங்களில் உருகிவிடும். அடுத்த பனிப்பொழிவில் சறுக்க முடிகிற இடமும் இதுதான். அதனால் எல்லாரும் பலவீனமான அடுக்கு இருக்கும் சரிவைத் தேடித்தான் போகிறார்கள்.

கேள்வி: எத்தனை டிகிரி சாய்வு ஆபத்து?

பதில்: பெரும்பாலும் 30 முதல் 45 வரை. கண்ணால் மதிப்பிடாமல் சாய்வுமானியால் அளந்து பாருங்கள். சமதளத்தில் நின்றாலும் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: நான் ஐஸ் ஓடைகளில், அதாவது பனிக்கட்டி உறைந்த செங்குத்தான மலைப்பள்ளங்களில், ஏறுபவன். பனி அடித்தால் விழுந்தே செத்துவிடுவேன். புதைந்தவரைத் தேட உதவும் ரேடியோ கருவியான டிரான்ஸீவர் எனக்கு வீண் சுமைதானே?

பதில்: பாதி சரி. ஓடைக்குள் காற்று பனியைக் கொண்டுவந்து குவிக்கும். சின்னப் பனிச்சரிவே ஆளைப் பிடுங்கி எறிந்துவிடும். ஆனால் ஓடையின் அடிவாரத்துக்கு எப்படிப் போனீர்கள்? எந்த வழியில் இறங்குவீர்கள்? ஏறுபவர்கள் அந்தச் சரிவுகளிலும் சிக்குகிறார்கள்.

கேள்வி: அண்ணா, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எடை குறைந்தால் வேகம் கூடும், வேகம்தானே பாதுகாப்பு?

பதில்: ஒரு டிரான்ஸீவர் சில நூறு கிராம்தான் தம்பி. அதோடு அது உங்களுக்காக மட்டும் இல்லை. கூட்டாளி புதைந்தால் நீங்கள்தான் தேட வேண்டும். பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள்; அரை மணி ஆனால் பெரும்பாலானோர் பிழைப்பதில்லை. எந்த மீட்புக் குழுவும் பத்து நிமிடத்தில் வராது. கயிற்றின் மறுமுனையில் இருப்பவரிடம் "எடை கூடும் என்று கொண்டுவரவில்லை" என்று சொல்ல முடியுமா? இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: வேறு வேறு நிறுவன டிரான்ஸீவர்கள் சேர்ந்து வேலை செய்யுமா?

பதில்: செய்யும். எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸ். போனை அதிலிருந்து தள்ளி வையுங்கள்: டிரான்ஸீவர் அனுப்பும் நிலையில் 20, தேடும்போது 50 சென்டிமீட்டர்.

கேள்வி: துருத்தி நிற்கும் பாறைகள் பனியைப் பிடித்து வைக்காதா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். பாறையை ஒட்டித்தான் பனி மெல்லியது, அடுக்கு பலவீனமானது. அங்கே மிதித்தால் மேலே இருக்கும் பாளம் மொத்தமும் கிளம்பலாம்.

கேள்வி: நேற்று நாலு பேர் சறுக்கிய தடம் இருக்கிறது. அப்படியானால் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. ஐந்தாவது ஆள் அந்த மெல்லிய இடத்தை மிதிக்கலாம்.

கேள்வி: பனியில் குழி வெட்டி அடுக்குகளைச் சோதித்தேன், எதுவும் சரியவில்லை. போகலாமா?

பதில்: பத்து மீட்டர் தள்ளி வெட்டினால் வேறு முடிவு வரலாம். குழியில் கெட்ட முடிவு வந்தால் திரும்புங்கள். நல்ல முடிவை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் சத்தம், பாதத்திலிருந்து ஓடும் விரிசல், பக்கத்துச் சரிவில் புதிய பனிச்சரிவு: இதில் ஒன்றைக் கண்டாலும் குழியே தேவையில்லை.

கேள்வி: எந்தக் கண்ணாடி நல்லது?

பதில்: என் துறை இல்லை. கடையில் கேளுங்கள்.

கேள்வி: பனி கொஞ்சம்தானே, முதுகில் ஊதி விரியும் ஏர்பேக் பை போதாதா?

பதில்: மறுபடியும் "கொஞ்சம்தானே"! ஏர்பேக் உங்களைப் பனியின் மேல்பரப்பில் வைக்க உதவும். மூடாத பாறைகள் மேல் இழுத்துப் போகும்போது எலும்பைக் காப்பாற்றாது.

கேள்வி: பிளாஸ்டிக் மண்வாரி போதுமா?

பதில்: போதாது. சரிந்து நின்ற பனி இறுகிப்போகும், பிளாஸ்டிக் உடையும். உலோகத்தில் வாங்குங்கள்.