வீட்டில் ஹோஸும் தேர்மோஸ்டற்றும் மாற்றிய பிறகு எஞ்சின் கொதிக்கிறது: றேடியேற்றரை மாற்ற வேண்டுமா?

கேட்டவர் கல்முனையில் இருந்து அம்பாறைக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர். அவருடைய பழைய ஜப்பான் கார் காரைதீவு–அம்பாறை வீதியில் கீழ் ஹோஸ் கிழிந்து, கொதித்து நின்றிருக்கிறது. வீட்டிலேயே ஹோஸையும், தண்ணீர் சூடானதும் றேடியேற்றருக்கு வழி திறந்துவிடும் வால்வான தேர்மோஸ்டற்றையும் மாற்றி, புதிய கூலன்ற் (குளிரூட்டும் திரவம்) ஊற்றினாராம். இப்போது சம்மாந்துறையைத் தாண்டுவதற்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது, ஃபேன் சுற்றுவதே இல்லை, றேடியேற்றரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஹோஸ் கிழியும் வரை அந்த றேடியேற்றர் இதே வீதியில், இதே வெயிலில் எஞ்சினைக் குளிர்வித்துக்கொண்டுதான் இருந்தது. வீட்டில் நின்ற இரண்டு நாளில் அது அடைத்துப்போயிருக்கும் என்பதை விட, நீங்கள் கழற்றிப் பூட்டிய இடத்தில் ஏதோ பிசகியிருக்கிறது என்பதே நம்பத்தக்கது. என் சந்தேகம் முதலில் காற்றின் மேலேயே விழுகிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் என் காருக்கு இதே வேலையைச் செய்தேன். மறுநாள் ஊசி ஏறியது. உங்களைப் போலவே நானும் ஃபேனைக் குற்றம் சொல்லி, ஃபியூஸ், ரிலே என்று ஒரு வாரம் காசைக் கரைத்தேன். பக்கத்து வளவில் இருந்த வயதான மெக்கானிக் ஒருவர் பொனற்றைத் திறந்துகூடப் பார்க்காமல் கேட்டது ஒன்றே ஒன்று: “இறக்கின தண்ணிய அளந்தயா, மனே?” நல்ல வேளையாகப் பழைய கூலன்ற்றை இரண்டு போத்தல்களில் பிடித்து வைத்திருந்தேன். இறங்கியது ஐந்து லீற்றருக்குச் சற்று மேல்; நான் ஊற்றியது மூன்றரை லீற்றர். றேடியேற்றரின் வாய் வரை நிரம்பிவிட்டதால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். மிச்ச ஒன்றரை லீற்றர் இடத்தில் இருந்தது முழுவதும் காற்று.

உங்கள் கதையில் பழைய கூலன்ற் வீதியிலேயே கொட்டிவிட்டது, அளக்க வழியில்லை. ஆனால் காரின் கையேட்டில் குளிரூட்டும் தொகுதியின் மொத்தக் கொள்ளளவு எழுதியிருக்கும். நீங்கள் ஊற்றியதை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சினின் அடியில் கொஞ்சம் தேங்கியிருந்திருக்கலாம் என்பதற்காக அரை லீற்றர் அல்லது ஒரு லீற்றர் கழித்தாலும், அதற்கு மேல் குறைவது காற்றின் கணக்குத்தான்.

ஃபேன் சுற்றாததற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். தேர்மோஸ்டற்றின் உள்ளே இருக்கும் மெழுகு, சூடான தண்ணீர் பட்டு உருகி விரியும்போதுதான் வால்வு திறக்கிறது. அதைச் சுற்றி ஆவியும் காற்றும் நின்றால் சூடு சரியாகப் போய்ச் சேராது, வால்வு மூடியே கிடக்கும். எஞ்சினுக்குள் தண்ணீர் கொதிக்கும்போதும் றேடியேற்றருக்குள் ஓட்டம் இருக்காது. ஃபேனை இயக்கும் சுவிட்ச் பல கார்களில் றேடியேற்றரின் பக்கத்தில் இருப்பதால், அதுவும் சூட்டை அறியாமல் சும்மா இருந்துவிடும். ஊசி ஏறியவுடன் எஞ்சினை நிறுத்திவிட்டு, கீழ் ஹோஸையும் றேடியேற்றரின் அடிப்பகுதியையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் கொதிக்கும்போது அவை குளிர்ந்தே இருந்தால் தண்ணீர் அங்கே வரவே இல்லை என்று பொருள். வராத தண்ணீரைப் புதிய றேடியேற்றர் எப்படிக் குளிர்விக்கும்? ஃபேன் நல்லதா என்பதை அறிய ஏசியைப் போட்டுப் பார்த்தால் போதும், பெரும்பாலான கார்களில் அது உடனே சுற்ற வேண்டும். ஹோஸ் மாற்றும்போது ஃபேனின் பிளக்கைக் கழற்றியிருந்தால், திரும்பப் பூட்டினீர்களா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சிரிக்காதீர்கள், நடப்பதுதான்.

அடுத்து, தேர்மோஸ்டற் எந்தப் பக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். அதன் விளிம்பில் ஒரு துளையும், அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய ஆணியும் இருந்தால், அது காற்று வெளியேறுவதற்கான வழி. பல ஜப்பான் கார்களில் அது மேல்நோக்கி இருக்கும்படி பூட்ட வேண்டும். நான் அதைக் கீழே வைத்துப் பூட்டியிருந்தேன். புதிய தேர்மோஸ்டற்றும் பழுதாக இருக்கலாம் என்பதால், கழற்றியது கழற்றியதாக ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வைத்து அதைப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். மேலே 82 (பாகை) என்று பொறித்திருந்தால் ஏறக்குறைய அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும். சோறாக்கும் சட்டியை எடுக்காதீர்கள், எங்கள் வீட்டில் அது வேறொரு பிரச்சினையாகிவிட்டது.

“நம்மட வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு, கழற்றி எறியுங்க” என்ற ஆலோசனையும் உங்களுக்குக் கிடைக்கும். நான் அதை ஏற்பதில்லை. பல எஞ்சின்களில் தேர்மோஸ்டற் திறக்கும்போதே அதன் மறுமுனை ஒரு குறுக்குப் பாதையை மூடுகிறது. அதைக் கழற்றிவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி றேடியேற்றர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். குளிர வேண்டும் என்று செய்த வேலையால் சூடு கூடும்.

காற்றை எடுப்பதற்குக் காரின் முன்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். நமது கரையோரம் மேசை போலத் தட்டையானது, ஆனால் மார்கழி வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டியவர்களின் கேற் வாசலில் ஒரு சரிவு இருக்கும், அது போதும். கார் முழுவதும் ஆறிய காலை நேரத்தில் முன்பக்கத்தை மேலே ஏற்றி நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, பின்சில்லுகளுக்குக் கல் வையுங்கள். றேடியேற்றர் மூடியைத் திறந்து, அடி வெட்டிய சோடாப் போத்தல் ஒன்றைக் கவிழ்த்துப் புனலாகச் செருகி, கூலன்ற்றை மெல்ல ஊற்றியபடி மேல் ஹோஸைக் கையால் பிசைந்து விடுங்கள். உள்ளே ஹீற்றர் இருந்தால் முழுச் சூட்டில் திருகி வையுங்கள், ஏனென்றால் அதன் குழாயிலும் காற்று ஒளிந்திருக்கும். (பங்குனி வெயிலில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டு மச்சான் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.) பிறகு எஞ்சினை இயக்கி, ஊசியைப் பார்த்தபடி சும்மா ஓடவிடுங்கள். பத்து, இருபது நிமிடத்தில் தேர்மோஸ்டற் திறக்கும்போது புனலில் உள்ள மட்டம் திடீரென்று இறங்கும். உடனே மேலும் ஊற்றுங்கள். குமிழிகள் நின்று, ஃபேன் இரண்டு முறை தானாக ஓடி ஓய்ந்த பிறகு மூடியைப் போட்டு, றேடியேற்றருக்குப் பக்கத்தில் உள்ள சிறிய கூலன்ற் தாங்கியைக் குறி வரை நிரப்புங்கள். ஊசி சிவப்பை நெருங்கினால் அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும். பூட்டிய மூடியைச் சூட்டோடு எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தால் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாகி முகத்துக்கு வரும்.

கலப்பதற்குக் கிணற்றுத் தண்ணீரை எடுக்க வேண்டாம். கடலுக்கும் வாவிக்கும் இடையில் வாழும் நமக்குக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவம் தெரியும். அதுவே றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். பற்றரிக்கு விடும் வடித்த நீர் போதும். கூலன்ற் ஏற்கெனவே கலந்து விற்கப்படுவதா என்று போத்தலைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

இனி எனக்கு உண்மையில் பயம் தருகிற பகுதி. உங்கள் எஞ்சின் ஏற்கெனவே ஒரு முறை தண்ணீரில்லாமல் கொதித்திருக்கிறது. ஊசி ஏறிய பிறகும் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் அந்தச் சூட்டில் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கஸ்கெட் விட்டிருந்தால், எத்தனை முறை காற்றை எடுத்தாலும் எரிந்த வாயு புதிதாகத் தண்ணீருக்குள் வந்துகொண்டே இருக்கும். தங்கியிருந்த காற்றின் குமிழிகள் ஒரு கட்டத்தில் நின்றுவிடும், கஸ்கெட் வழியாக வருபவை நிற்காது. அதுதான் இரண்டையும் பிரித்தறியும் வழி. இரவு முழுதும் ஆறிய எஞ்சினை மூடி போட்டபடி இயக்கி ஒரு நிமிடத்துக்குள், தண்ணீர் சூடாகுமுன்பே, மேல் ஹோஸ் கல் போல இறுகினால் அதுவும் கெட்ட அறிகுறி. புகைக்குழாயில் இனிப்பு வாசனையுடன் வெள்ளைப் புகை தொடர்ந்து வருகிறதா, ஒயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்ரிக்கில் ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒயில் மூடியின் உட்புறத்தில் மட்டும் சிறிது வெள்ளையாக இருப்பது ஈரத்தாலும் வரும், அதற்காகக் கலங்க வேண்டாம். ஐயம் இருந்தால், றேடியேற்றர் வாயில் வைத்து, எரிந்த வாயு பட்டு நீலத் திரவம் மஞ்சளாகிறதா என்று பார்க்கும் சோதனையைச் செய்யக்கூடிய கராஜைத் தேடுங்கள். றேடியேற்றரின் விலையோடு பார்த்தால் அது சிறு செலவு.

காற்றை எடுத்த பின் இரண்டு நாள் ஊருக்குள் மட்டும் ஓட்டி, ஒவ்வொரு காலையும் ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, குறைந்ததை ஒரு அளவுப் போத்தலால் ஊற்றி நிரப்புங்கள். முதல் நாள் ஒரு தேநீர்க் கோப்பை அளவு குறைந்து, மறுநாள் குறையாமல் நின்றால் காற்று முழுதும் வெளியேறிவிட்டது, அம்பாறைக்கு ஓட்டலாம். இரண்டு காலையும் அரை லீற்றர் கேட்டு, வெளியே எங்கும் ஒழுக்கும் தெரியாவிட்டால், காரை நிறுத்திவிட்டு ஹெட்டைக் கழற்றி லேத்தில் மட்டம் பார்க்கக் கொடுங்கள்.