புளூகிராஸ் என்ற அமெரிக்க மலைநாட்டு இசையைச் சினிமாவும் டிவியும் சரியாகக் காட்டியிருக்கின்றனவா? எந்தப் படத்தில் தொடங்கலாம்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 1976இல் வந்த 'ஹார்லன் கவுண்டி யூ.எஸ்.ஏ.' என்ற ஆவணப்படத்தில் தொடங்குங்கள். கேட்டால் எல்லோரும் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' என்றுதான் சொல்வார்கள். அதுவும் எனக்குப் பிடித்த படம், அதைப் பற்றிக் கீழே நிறைய எழுதப்போகிறேன். ஆனாலும் முதலில் அதைப் பார்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலைக்காக நான்கு வருடம் வட கரோலினாவில் இருந்தேன். நான் குடியிருந்த ஊரில் இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் கடை ஒன்று உண்டு. வியாழக்கிழமை சாயங்காலம் கடையை மூடிய பிறகு ஏழெட்டுப் பேர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு வாசிப்பார்கள். பாஞ்சோ (தோல் போர்த்திய வட்ட முகமுள்ள தந்திக் கருவி), மாண்டலின், வயலின், கிட்டார், ஆளுயர பேஸ். மைக் கிடையாது, எழுதி வைத்த தாள் கிடையாது. போன முதல் நாளே, எனக்குத் தெரிந்த ஒரே பாஞ்சோ மெட்டு அதுதான் என்பதால், 'டூயலிங் பாஞ்சோஸ்' வாசிப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். யாரும் கோபப்படவில்லை. பாஞ்சோ வாசித்த பெரியவர் மட்டும், மெட்டு நல்லதுதான், ஆனால் அந்தப் படம் வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் எங்களைப் பார்க்கும் விதமே மாறிப்போய்விட்டது என்றார்.

அன்றிலிருந்து இந்த இசை வருகிற எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஒன்றைக் கவனிப்பேன். நாம் கேட்பது யாரை, திரையில் பார்ப்பது யாரை?

அந்த மெட்டு வருவது 1972இல் வெளியான 'டெலிவரன்ஸ்' படத்தில். நகரத்து ஆட்கள் நான்கு பேர் ஜார்ஜியா மலைப்பக்கம் ஆற்றில் படகு விடப் போகிறார்கள். வழியில் அவர்களில் ஒருவர் கிட்டாரை மீட்ட, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுவன் பாஞ்சோவில் பதில் சொல்கிறான். பெயரில்தான் பாஞ்சோக்கள், காட்சியில் இருப்பது ஒரே ஒரு பாஞ்சோ. சிறுவனாக நடித்த உள்ளூர்ப் பையனுக்கு பாஞ்சோ வாசிக்கத் தெரியாது. தெரிந்த ஒருவர் பின்னால் மறைந்து உட்கார்ந்து, பையனின் சட்டைக் கைக்குள் தன் கையை விட்டுத் தந்திகளைப் பிடித்தார். நம் காதில் விழுவதோ அவர் வாசிப்பும் இல்லை. எரிக் வைஸ்பெர்க் பாஞ்சோவும் ஸ்டீவ் மாண்டெல் கிட்டாரும் வாசித்துப் பதிவு செய்தது அது. மெட்டு இவர்கள் யாருக்கும் சொந்தமில்லை. ஆர்தர் ஸ்மித் என்பவர் டான் ரீனோவுடன் சேர்ந்து 1955இல் 'ஃபியூடின் பாஞ்சோஸ்' என்ற பெயரில் பதிவு செய்தது. அப்போது உண்மையிலேயே இரண்டு பாஞ்சோக்கள் இருந்தன. படத்தில் ஸ்மித்தின் பெயரைப் போடவில்லை. அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1973இல் அந்த இசைத்தட்டு அமெரிக்காவின் பொதுப் பாடல் பட்டியலில் இரண்டாம் இடம் வரைக்கும் போனது.

இரண்டு பேரும் உற்சாகமாக வாசித்து முடித்ததும் கிட்டார்க்காரர் கைகுலுக்கக் கை நீட்டுகிறார், பையன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அதற்கப்புறம் படத்தில் மலைக்காரர்கள் செய்வதெல்லாம் கொடூரம். அந்த மூன்று நிமிட இசை அந்தக் கொடூரத்தோடு ஒட்டிக்கொண்டது. பாஞ்சோ ஒலித்தால் ஏதோ ஆபத்து வரப்போகிறது என்று உலகம் முழுக்க மக்கள் பழகிவிட்டார்கள். பெரியவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் படத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான் முழுசாகப் புரிந்தது.

டிவியில் அதற்குப் பத்து வருடம் முன்பே வேறொரு பழக்கம் தொடங்கியிருந்தது. 1962இல் 'தி பெவர்லி ஹில்பில்லீஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் வந்தது. எண்ணெய் கிடைத்துப் பணக்காரர்களான மலைக்குடும்பம் ஒன்று நகரத்துக்குக் குடிபோகும் கதை. தலைப்புப் பாட்டில் பாஞ்சோ வாசித்தவர் எர்ல் ஸ்க்ரக்ஸ். அவருடைய கூட்டாளி லெஸ்டர் ஃபிளாட் பாடிய இசைத்தட்டு 1963 ஜனவரியில் கன்ட்ரி பாடல் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது, ஆனால் தொடரில் ஒலித்த குரல் ஜெர்ரி ஸ்கோகின்ஸுடையது. 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ'வில் தி டில்லார்ட்ஸ் என்ற நிஜமான புளூகிராஸ் குழுவே மலைக்குடும்பத்துப் பிள்ளைகளாக வந்தது. வாசிப்பு பிரமாதம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வசனம் அனேகமாகக் கிடையாது, முகத்தில் அசைவே இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் குழுவின் பேஸ் கலைஞர் மிட்ச் ஜெய்ன் மேடையில் கூட்டத்தைச் சிரிக்க வைத்துப் பேசுவதில் பேர் பெற்றவர் என்று தெரிந்த பிறகு அந்தக் காட்சிகளைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். புளூகிராஸ் பலர் நினைப்பதுபோல அவ்வளவு பழைய இசை இல்லை. அதன் வேர்களான மலைப் பாடல்களும், ஃபிடில் (வயலின்) மெட்டுகளும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக வந்த பாஞ்சோவும் பழையவை. ஆனால் புளூகிராஸ் என்று நாம் கேட்கும் வடிவம், கென்டக்கிக்காரரான பில் மன்றோவின் குழுவில் எர்ல் ஸ்க்ரக்ஸ் 1945 டிசம்பரில் சேர்ந்த பிறகு உருவானது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் பிக் (தந்தியை மீட்டும் செயற்கை நகம்) மாட்டிக்கொண்டு ஸ்க்ரக்ஸ் சுரங்களை மழைபோலக் கொட்டுவார். ஐந்தாவது தந்தி நீளம் குறைந்தது, உயர்ந்த சுரத்தில் சுருதி மாதிரி கூடவே ஒலித்துக்கொண்டிருக்கும். நமக்கு அது சட்டென்று பிடித்துப்போவதற்கு அந்தத் தந்தியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஸ்க்ரக்ஸ் 1949இல் பதிவு செய்த 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' மெட்டை 1967இல் 'பானி அண்ட் கிளைட்' படத்தில் கார் துரத்தல்களுக்குப் போட்டார்கள். கதை நடப்பது 1930களின் தொடக்கத்தில், அந்த வாசிப்பு அப்போது உலகத்திலேயே இல்லை. அந்தப் படத்துக்குப் பிறகு கார் துரத்தல் என்றாலே பாஞ்சோ என்று ஆகிவிட்டது.

சரி, 'ஓ பிரதர்'. கோயன் சகோதரர்கள் 2000இல் எடுத்த படம், 1937இல் மிசிசிப்பியில் நடக்கும் கதை. சிறையிலிருந்து தப்பிய மூன்று பேர் வழியில் ஒரு வானொலி நிலையத்தில் காசுக்காகப் பாடிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பாட்டு மாநிலம் முழுக்கப் பரவுகிறது, பாடியவர்கள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் அவர்கள் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு மேடையேறுகிறார்கள். ஜார்ஜ் குளூனி வாயசைக்க, பாடியவர் டான் டிமின்ஸ்கி. பின்னணிக் குரலில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, நாம் அதிலேயே வளர்ந்தவர்கள். 'மேன் ஆஃப் கான்ஸ்டன்ட் சாரோ' என்ற அந்தப் பாட்டை 1913 வாக்கில் அச்சிட்டு விற்றவர் டிக் பர்னெட் என்ற பார்வை இழந்த கென்டக்கிப் பாடகர். ஸ்டான்லி சகோதரர்கள் அதை 1950இல் பதிவு செய்தார்கள்.

அந்தச் சகோதரர்களில் ஒருவரான ரால்ஃப் ஸ்டான்லியின் குரலும் படத்தில் இருக்கிறது. அப்போது அவருக்கு 73 வயது. சாவிடம் இன்னும் ஒரு வருடம் விட்டுவை என்று கெஞ்சும் 'ஓ டெத்' பாட்டை எந்தக் கருவியும் இல்லாமல் பாடியிருக்கிறார். இசைத் தயாரிப்பாளர் டி போன் பர்னெட் பாஞ்சோவோடுதான் கேட்டார், ஸ்டான்லிதான் தனிக்குரலில் பாடிக் காட்டிச் சம்மதிக்க வைத்தார். தேவாலயத்தில் சின்ன வயதிலிருந்து பாடிய முறை அது. படத்தில் அந்தக் குரல் யார் வாயிலிருந்து வருகிறது தெரியுமா? முகமூடி போட்ட கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் தலைவன் வாயிலிருந்து. காட்சி உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குரலை முதன்முதலில் கேட்ட கோடிக்கணக்கான பேருக்கு அதற்குரிய முகம் அந்த முகமூடிதான். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்தப் படத்தை முதலில் பார்க்கச் சொல்ல மனம் வராததற்குக் காரணம் இதுதான்.

இதே படம் இன்னொரு பக்கம் நியாயமாகவும் நடந்துகொண்டது. தொடக்கத்தில் சங்கிலி பூட்டிய கைதிகள் கல் உடைத்தபடி பாடுவார்கள். அது நாட்டுப்பாடல்களைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் 1959இல் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறையில் பதிவு செய்த நிஜக் கைதிகளின் குரல். முன்னின்று பாடியவர் ஜேம்ஸ் கார்ட்டர். படத்தின் இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றதும் அவரைத் தேடிச் சிகாகோவில் கண்டுபிடித்து, 20,000 டாலர் காசோலையைக் கொடுத்தார்கள். தான் அந்தப் பாட்டைப் பாடியதே அவருக்கு நினைவில் இல்லை. அந்த இசைத்தட்டு 2002இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. இன்னொன்று, படம் வெளியாவதற்கு முன்பே 2000 மே மாதம் நாஷ்வில்லின் ரைமன் அரங்கில் அந்தப் பாடகர்களையே மேடையேற்றினார்கள். அதை 'டவுன் ஃப்ரம் த மவுண்டன்' என்று தனி ஆவணப்படமாகப் பார்க்கலாம். மன்றோவுடன் ஸ்க்ரக்ஸ் வாசித்து அரங்கத்தை அதிரவைத்த அதே இடம்.

இப்போது 'ஹார்லன் கவுண்டி'. கென்டக்கியில் 1973இல் தொடங்கிய நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தைப் பார்பரா காப்பிள் அங்கேயே தங்கியிருந்து படமெடுத்தார். பதின்மூன்று மாதம் நடந்த போராட்டம், ஒரு இளம் தொழிலாளி சுட்டுக்கொல்லப்பட்ட பிறகே முடிந்தது. சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் இதற்குக் கிடைத்தது. பாட்டு இதில் அலங்காரத்துக்கு இல்லை. 1931இல், சங்கத் தலைவரான கணவரைத் தேடி வீட்டுக்குள் ஆட்கள் புகுந்த பிறகு 'விச் சைட் ஆர் யூ ஆன்?' என்ற பாட்டை எழுதியவர் ஃபுளோரன்ஸ் ரீஸ். நாற்பது வருடம் கழித்து, அதே ஹார்லனில், வயதான அந்த அம்மாவே கூட்டத்தின் முன் நின்று அதைப் பாடுகிறார். குரல் தேய்ந்துவிட்டது, சுருதி அங்கங்கே விலகுகிறது. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அத்தனை பேரும் மறுநாள் காலை மறியலுக்குப் போகப்போகிறவர்கள்.

படம் முழுக்க ஒலிக்கும் இன்னொரு குரல் ஹேசல் டிக்கன்ஸ். மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கக் குடும்பத்துப் பெண், பிழைப்புக்காகப் பால்டிமோர் போய்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர். அவருடைய அண்ணன் நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து வரும் நோயால் செத்துப்போனார். அதைப் பற்றி எழுதிய 'பிளாக் லங்' பாட்டை அவர் பாடும் விதத்தில் இனிமையைத் தேடாதீர்கள். மேல் ஸ்தாயியில் ஈட்டிபோல நேராகப் போகும், எங்கேயும் வளையாது. கடையில் வயலின் வாசித்த ஒரு அம்மா ஒருநாள் அதைத் தனியாகப் பாடினார். பாஞ்சோ பெரியவர் விரல்களிலிருந்து பிக்குகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அதற்கப்புறம் யாரும் வாசிக்கவில்லை.

ஜான் சேல்ஸின் 'மேட்வன்' (1987) படத்தில் ஹேசலைத் திரையிலேயே பார்க்கலாம். 1920இன் சுரங்கப் போராட்டக் கதை அது, சவக்குழியருகே நின்று பாடுகிறார். அதே படத்தில் இரவு நேரக் காட்சி ஒன்றில் மலைக்காரர்களின் வாசிப்போடு இத்தாலியத் தொழிலாளி ஒருவரின் மாண்டலினும், கறுப்பினத் தொழிலாளி ஒருவரின் ஹார்மோனிகாவும் வந்து சேர்கின்றன. இந்த இசை எப்படிச் சேர்ந்தது என்பதை இதைவிட நன்றாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

பெல்ஜியப் படமான 'தி புரோக்கன் சர்க்கிள் பிரேக்டவுன்' (2012) பற்றியும் கேட்பீர்கள். நாயகனும் நாயகியும் சொந்தக் குரலில் பாடியிருக்கிறார்கள், பாட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. குழந்தையின் நோய் பற்றிய கதை, மனசு திடமாக இருக்கும் நாளில் பாருங்கள்.

நேரமே இல்லை என்றால் ஜான் கோஹன் 1963இல் எடுத்த 'தி ஹை லோன்சம் சவுண்ட்' மட்டுமாவது பாருங்கள். கறுப்பு வெள்ளை, முப்பது நிமிடம். கென்டக்கியில் ராஸ்கோ ஹோல்கம் என்ற தொழிலாளி தன் வீட்டில் உட்கார்ந்து பாஞ்சோவோடு பாடுகிறார். கை அவருடையது, குரல் அவருடையது, வீடும் அவருடையது.