முதுகெலும்பு ஒரு பாம்பு: ஜெர்மேன் அகோன்யி பற்றி நீங்கள் கேட்டவை

கேள்வி: யார் இவர்? நான் கேள்விப்பட்டதே இல்லை.

பதில்: 1944இல் பெனினில் பிறந்து செனகலில் வளர்ந்த நடனக் கலைஞர். 1968இல் செனகல் தலைநகர் டக்காரில் சொந்தமாக நடனக்கூடம் திறந்தார். 1977 முதல் 1982 வரை அங்கே ‘முத்ரா ஆப்பிரிக்’ பள்ளியை நடத்தினார். ஆமாம், நம் முத்திரைதான்! பிரெஞ்சு நடன அமைப்பாளர் மோரிஸ் பெஜார் பிரசல்ஸில் தொடங்கிய நடனப் பள்ளியின் பெயர் அது.

கேள்வி: பூர்வீகத்தை உடம்பால் சொல்கிறவர் என்கிறார்கள், அது எப்படி? கொஞ்சம் புரியும்படி.

பதில்: முதுகைப் பாருங்கள். ஐரோப்பிய பாலே நடனத்தில் அது நிமிர்ந்தே இருக்கும், உடம்பு தரையை விட்டு எழும்பப் பார்க்கும். அகோன்யியிடம் முதுகெலும்பு ஒரு பாம்பு, நெளியும், அதிரும். மார்பு சூரியன், பிட்டம் நிலா என்றுதான் பாடமே நடக்கும். அசைவுகளுக்குச் செடி, மரப் பெயர்கள். ஒன்றின் பெயர் ‘ஃப்ரோமாஜே’. வேறொன்றுமில்லை, நம் தலையணைக்குப் பஞ்சு தருகிற இலவ மரம்.

கேள்வி: அப்போது பாரம்பரிய நடனம் என்றே சொல்லலாமே?

பதில்: கூடாது. சடங்கு ஆட்டத்தை அப்படியே மேடைக்குத் தூக்கிவந்தவர் இல்லை. பாலேயும் கற்றவர், அதையும் மேற்கு ஆப்பிரிக்க ஆட்டங்களையும் கலந்து தனிப் பயிற்சிமுறை ஆக்கினார்.

கேள்வி: சொந்தக் குடும்பக் கதையை ஆடியிருக்கிறாரா?

பதில்: 2015இல், எழுபதைத் தாண்டிய வயதில், தனியாக. பாட்டி யொரூபா என்ற மேற்கு ஆப்பிரிக்க இனத்தின் பூசாரி. அப்பா பிரெஞ்சு ஆட்சியில் அதிகாரி, கத்தோலிக்கர். அப்பா எழுதிவைத்ததும் அந்த நிகழ்ச்சியில் வருகிறது. பாட்டி பக்கமா அப்பா பக்கமா என்று முடிவுகட்டாமல் இரண்டையும் ஒரே உடம்பில் நிறுத்துகிறார். எனக்குப் பிடித்ததே அதுதான்.

கேள்வி: ஜெர்மன் நடன அமைப்பாளர் பினா பௌஷ் அமைத்த ‘வசந்தத்தின் சடங்கு’ (The Rite of Spring) நடனத்தை ஆப்பிரிக்கர்கள் ஆடினால் அதில் கறுப்பு அடையாளம் எங்கே?

பதில்: நியாயமான சந்தேகம். இசை ஸ்ட்ராவின்ஸ்கி, நடனம் 1975இல் அமைத்தது. செனகலில் டூபாப் ஜாலாவ் என்ற மீனவ ஊரில் அகோன்யி தொடங்கிய ‘மணற்பள்ளி’ (École des Sables) என்ற நடனப் பள்ளியில் 14 ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த 38 பேர் அதற்குப் பயிற்சி எடுத்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்து டக்கார் அரங்கேற்றம் நின்றது. கிளம்புவதற்கு முன் கடற்கரையிலேயே ஒருமுறை ஆடிவிட்டார்கள். பௌஷ் மேடையில் மண் கொட்டி ஆடவிட்டவர். இங்கே யாரும் கொட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கடற்கரை ஆட்டத்தைப் படம் பிடித்திருக்கிறார்கள். முகங்களை விட்டுவிட்டு, கால்கள் மணலில் எவ்வளவு புதைகின்றன என்று மட்டும் பாருங்கள். அப்புறம் இதே கேள்வியைக் கேளுங்கள், பேசலாம்.