தழும்புகளால் குணமானால் இன்சுலின் வேண்டாமா?

கேள்வி: என் கணவர் சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். சேலத்திலிருந்து வரும் ஊழியக்காரர் ஒருவர், "இயேசுவின் தழும்புகளால் குணமாகிவிட்டீர்கள், இனி ஊசி போடுவது அவிசுவாசம்" என்கிறார். கொடுத்தால் பல மடங்கு ஆசீர்வாதமாகத் திரும்பும் என்று ஐயாயிரம் ரூபாய் விதைக் காணிக்கையும் கேட்கிறார். வசனம் பைபிளில் இருக்கிறதே? — ஒரு சகோதரி, நாகலூர், ஏற்காடு

பதில்: ஊசியை நிறுத்தாதீர்கள். நிறுத்தியிருந்தால் இன்றே ஏற்காடு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வசனம் இருக்கிறது, ஏசாயா 53:5. ஊழியக்காரர் சொல்வது அதன் கடைசித் துண்டு. தொடக்கம், "நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு" என்பது. பேச்சு பாவத்தைப் பற்றியது; 1 பேதுரு 2:24-ம் அப்படித்தான் எடுக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் நீங்களே பிடித்திருப்பீர்கள். பிசாசும் இயேசுவிடம் 91-ம் சங்கீதத்தைச் சொன்னபோது "உன் வழிகளிலெல்லாம்" என்பதை விட்டுவிட்டுத்தான் சொன்னான்.

கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, மூன்றாம் நாள் எழுந்தார். 1 கொரிந்தியர் 15-ல் பவுல் சொல்லும் சுவிசேஷம் இது. மனந்திரும்பு என்ற அழைப்பும் இதோடு சேர்ந்தது. அதைச் சொன்னால் காணிக்கைப் பை நிறையாதே! அதே பவுல் தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியோடு விட்டுவந்தார். பவுலுக்கு விசுவாசம் இல்லையா?

கர்த்தர் சுகமாக்குவார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசு, போய் ஆசாரியனுக்குக் காண்பி என்றார் (லூக்கா 5:14). சோதித்துச் சொல்வது அன்று ஆசாரியன் வேலை, இன்று டாக்டர் வேலை. சுகமானால் ரத்தப் பரிசோதனையில் தெரியும், டாக்டரே அளவைக் குறைப்பார். ஊழியக்காரர் குறைக்கக் கூடாது, நீங்கள் குறைக்கக் கூடாது, "உடம்பு லேசாக இருக்கிறது" என்று கணவரே சொன்னாலும் கூடாது.

விதைப்பு பற்றிப் பவுல் எழுதியது எருசலேம் ஏழைகளுக்குப் பணம் சேர்த்தபோது (2 கொரிந்தியர் 9). இந்த மாதிரி ஊழியக்காரர்களோ காபிப் பழம் பறித்த கூலி கைக்கு வரும் நேரம் பார்த்து மலையேறுகிறார்கள். கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் உள்ளூர்க்காரருக்கும் பல இடங்களில் பங்கு உண்டு. தட்டிக்கேட்க வேண்டிய சபைகள் கமிட்டித் தேர்தலில் மும்முரமாக இருக்கின்றன. ஆயரிடம் போனால் "ஆத்துமாவைப் பாருங்கள்" என்று அனுப்பிவிடுவார். அதுவும் அரைகுறைதான். சரீரத்துக்கு வேண்டியதைக் கொடுக்காமல் வாயால் மட்டும் வாழ்த்தி அனுப்பினால் பயன் என்ன என்று கேட்கும் யாக்கோபு 2:16 அவர் பைபிளில் இல்லையா என்ன?

அடுத்த முறை வந்தால் ஏசாயா 53-ஐ முதல் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். காணிக்கைக்குப் பதிவு எண்ணோடு ரசீது கேளுங்கள். தனி ஆளின் ஜிபே நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.